கூப்பிடு தூரம்

சின்னங்குடி தாண்டி வடக்கே போனால் ஒரு சவுக்குத் தோப்பு வரும். அது முடிகிற இடத்தில் மண்பாதை இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் திரும்பினால் கடல். இடப்பக்கம் திரும்பினால் இறால் குட்டை, முள்கம்பி, மூன்று நாய்கள். இந்த விவரம் எங்களுக்குத் தெரிந்தது இடப்பக்கம் திரும்பிய பிறகுதான்.

மாசி மாதம், காலை ஒன்பது மணி இருக்கும். நானும் அண்ணன் மகளும். தரங்கம்பாடியில் கிளம்பி, கடலை வலக்கைப் பக்கமாகவே வைத்துக்கொண்டு பூம்புகார் வரைக்கும் நடப்பது என்று திட்டம். நேர்கோட்டில் அளந்தால் சுமார் 13 கிலோமீட்டர். அவள் சென்னையில் கல்லூரியில் படிக்கிறவள். கைப்பேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டி, "இங்க பாருங்க அத்தை, லெஃப்ட்ல ஒரு பாதை போகுது. கோடு போட்டிருக்கு. வெயில் ஏறுறதுக்குள்ள குறுக்கால போயிடலாம்" என்றாள். கோடு இருந்தது வாஸ்தவம்தான். அந்தக் கோட்டின் மேல் யாரோ குட்டை வெட்டி, நாலு பக்கமும் கம்பி போட்டிருக்கிறார்கள் என்பதைக் கைப்பேசிக்கு யாரும் சொல்லவில்லை.

நாய்களைப் பற்றி விரிவாக எழுத விருப்பமில்லை. காவலுக்கு இருந்த பெரியவர் ஓடிவந்து விரட்டினார். விரட்டிவிட்டு எங்களைப் பார்த்து, "யாரும்மா நீங்க? எந்த ஊரு? யாரு வீட்டுக்கு வந்தீங்க?" என்றார். மூன்று கேள்வி. நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: கடற்கரைக்கு எப்படிப் போவது?

இந்த நடைப் பைத்தியம் எனக்குப் பிடித்தது இங்கே இல்லை, இலங்கையில். இரண்டு வருடம் முன்னால் பள்ளிக்கூட விடுமுறையில் வீட்டுக்காரரும் நானும் அப்புத்தளை போயிருந்தோம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஊடாக அங்கே 'பீக்கோ டிரெயில்' என்று ஒரு நடைவழி அமைத்திருக்கிறார்கள். கண்டிப் பக்கம் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீட்டருக்கு மேல். அதை 22 கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். முழுதும் நடக்க எங்களுக்குக் காலும் இல்லை, காசும் இல்லை. அப்புத்தளையைச் சுற்றி இரண்டு நாள் நடந்தோம். மாயவரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம்தான். டெல்டாவில் மலை தேடினால் கோடியக்கரையில் ராமர் பாதம் இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான இடம் அது, கடல் மட்டத்திலிருந்து நாலே மீட்டர். அப்படிப்பட்ட ஊர்க்காரி, தாமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பத்தன்னை தொழிற்சாலையைத் தாண்டி, லிப்டன் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்த மேடு வரைக்கும் ஏறினேன். மூச்சு வாங்கியதை வீட்டுக்காரர் வீடியோ எடுத்து வைத்திருக்கிறார்.

அங்கே எனக்குப் புதிதாக இருந்தது பச்சையோ பனியோ இல்லை. வழியைப் பற்றி நினைக்காமலே நடக்கலாம் என்பதுதான். சந்தேகம் வருகிற இடத்தில் ஒரு குறி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி பள்ளத்தாக்கைப் பார்க்கலாம், புளித்த ஏப்பம் விடலாம், பாட்டு முணுமுணுக்கலாம். யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. நாற்பத்தைந்து வயதில் முதல் தடவையாக, அறியாத ஊரில், யாருக்கும் கணக்குச் சொல்லாமல் இரண்டு நாள் நடந்தேன்.

ஒரு வளைவில் கொழுந்துக் கூடையோடு ஒரு அம்மா எதிரே வந்தார். "எங்க இருந்து வாறீங்க?" என்றார். மாயவரம் என்றேன். தெரியவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் என்றதும் முகம் மலர்ந்தது. அவருடைய தாத்தாவின் அப்பா துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவராம். "இந்த வழியா நிறைய வெள்ளைக்காரங்க நடக்குறாங்க. நமக்கு இது மலைக்குப் போற குறுக்கு" என்றார். தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போவதை அவர்கள் 'மலைக்குப் போறது' என்றுதான் சொல்கிறார்கள். நான் காசு கொடுத்து விமானம் ஏறிப் போய் நடந்த வழி அவருக்கு வேலைக்குப் போகிற சந்து.

அவருடைய முன்னோர் வந்த வழியைப் பற்றி அப்புறம்தான் படித்தேன். 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்து ஜனங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுக்குள்ளே மாத்தளை வரைக்கும் நடந்தே போயிருக்கிறார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். குறியாவது பலகையாவது, முன்னே போகிற கங்காணியின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் வழிக்குறிகளைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டு மேஜையில் தூங்கியது. இங்கிலாந்தில் அரசு அமைத்த நெடுவழிகளுக்கு ஓக் மரத்துக் கொட்டை சின்னம். சாதாரண நடைபாதைக்கு மஞ்சள் அம்பு, குதிரையும் போகலாம் என்றால் நீல அம்பு. ஸ்பெயினில் சந்தியாகோ கோயிலுக்கு நடக்கிறவர்களுக்கு ஒரு பாதிரியார் 1980களில் மஞ்சள் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, மரத்திலும் கல்லிலும் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனாராம். எனக்கு ரொம்பப் பிடித்தது பிரான்சுக்காரர்கள் முறை. வெள்ளைக்கோடு ஒன்று, அதன் கீழே சிவப்புக்கோடு ஒன்று: நீ சரியாக வருகிறாய். அதே இரண்டு கோடும் ஒன்றை ஒன்று வெட்டிப் பெருக்கல் குறியாக இருந்தால்: இந்தப் பக்கம் இல்லை, திரும்பு. எது வழி என்று சொல்வதோடு நிற்காமல் எது வழி இல்லை என்றும் சொல்கிறார்கள். சின்னங்குடித் தோப்புக்கு வேண்டியது அந்தப் பெருக்கல் குறிதான்.

நம் பக்கம் குறியே இல்லை என்று சொன்னால் பொய். மைல்கல் இருக்கிறது. தலையில் மஞ்சள் அடித்திருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநிலச் சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. எல்லாம் வண்டிக்காரனுக்கு. நடப்பவனுக்கென்று இருந்தது சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல். தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கிற உயரம். பிள்ளைத்தாய்ச்சியாகவே செத்துப்போன பெண்ணின் நினைவாக வைப்பார்கள். அவள் இறக்கி வைக்காமலே போன பாரத்துக்கு ஒரு கல். எங்கள் அம்மாச்சி ஊர் முக்கில் ஒன்று இருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது எடுத்துப் போட்டார்கள். கடைசியாகப் பார்த்தபோது டீக்கடைக்கு பெஞ்சாக இருந்தது.

பூம்புகார் என்றாலே நடைதான். கண்ணகியும் கோவலனும் அங்கிருந்துதான் காவிரியின் வடகரை வழியே மதுரைக்குக் கிளம்பினார்கள். ஒரு காதம் போனதுமே கண்ணகிக்குக் கால் நோகிறது. மதுரை எது என்று கேட்கிறாள். இன்னும் முப்பது காதம் இருக்கிறது. அவனோ பக்கத்தில்தான் என்று சொல்லிச் சிரிக்கிறான். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் வழி கேட்டால் இதே பதில்தான். "இந்தா, கூப்பிடு தூரம்." அந்தக் கூப்பாடு எவ்வளவு பலமாகப் போட வேண்டியது என்பது நடந்து பார்த்தால்தான் தெரியும். சிலப்பதிகாரத்தில் கொடும்பாளூர் வந்ததும் பாதை சிவனுடைய சூலம் மாதிரி மூன்றாகப் பிரிகிறது. அங்கே பலகை இல்லை, அதற்கு முன்னாலேயே வழியில் சந்தித்த மாங்காட்டு மறையவன்தான் இருக்கிறான். வலப்பக்கம் போனால் என்ன, இடப்பக்கம் போனால் என்ன, நடுவழியில் என்ன ஆபத்து என்று நின்று நிதானமாகச் சொல்கிறான். ஒரு கேள்விக்கு ஒரு காதை அளவுக்குப் பதில். இதுவும் நம் ஊர் வழக்கம்தான்.

1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தது 240 கிலோமீட்டர் சொச்சம், 16 நாள், ஏறக்குறைய நூறு பேர். அவர்களுக்குச் சோறு போட்டாலோ திண்ணையில் படுக்க விட்டாலோ சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் சோற்றைப் பொட்டலம் கட்டி, வழியோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டு நகர்ந்துகொண்டார்கள். யார் கட்டியது என்று தெரியாது, யாரைக் கைது செய்வது? இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொட்டலங்கள் வழிக்குறியாகத்தான் தோன்றுகின்றன. நீ சரியான பாதையில்தான் போகிறாய், இன்னும் நட என்று சொல்கிற புளிச்சோறு. (புளிச்சோறுதானா என்பது என் ஊகம். பயணத்துக்கு எங்கள் பக்கம் வேறு எதைக் கட்டுவார்கள்?)

சரி, அந்த மூன்று கேள்விக்கு வருகிறேன். வழி கேட்டுக் கேட்டுப் போவது ஒரு அழகு, மனிதர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நானும் அப்படி நினைத்தவள்தான். ஆனால் எங்கள் டெல்டாவில் வழி சும்மா கிடைக்காது. எந்த ஊர் என்பார்கள். ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேட்கத் தேவையில்லை, எல்லாம் தெரிந்துவிடும். அதற்குத் தகுந்தாற்போல் திண்ணையில் உட்காரச் சொல்வதும், சொம்பில் தண்ணீர் வருவதும் வராமலிருப்பதும். என் வகுப்பில் ஒரு பையன் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் தாமதமாக வருவான். வீடு நேர்த்தெரு வழியாக வந்தால் பத்து நிமிஷம். அவன் வாய்க்கால் கரையைச் சுற்றி வருகிறவன். ஏன்டா என்றால், "அந்தத் தெருவுல எங்களைச் சைக்கிள்ல ஏறி ஓட்ட விடமாட்டாங்க டீச்சர். இறங்கித் தள்ளணும். அதுக்குச் சுத்தியே வந்துடலாம்" என்றான். அந்தத் தெரு முனையிலும் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது, பெயின்ட் அடிக்காமல். என் கண்ணுக்குத்தான் இத்தனை வருடம் படவில்லை.

பெண் தனியாக நடந்தால் கேள்வி இன்னும் கூடும். "தனியாவா வந்தீங்க? வீட்டுக்காரரு வரலியா?" அதனால்தான் எனக்கு அந்த வழிக்குறிப் பலகைகள் மேல் இத்தனை ஆசை. அம்புக்குறி எந்தத் தெரு என்று கேட்காது.

மறுபடி அன்றைய நடைக்கு வருகிறேன். தரங்கம்பாடியில் ஐந்தே முக்காலுக்கு ஆரம்பித்தோம். ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை இருட்டில் ஏதோ அரசு கிட்டங்கி மாதிரி தெரிந்தது. பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில், 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கட்டுமானம். முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் கடலோர வழிக்கென்று 2009இல் போட்ட சட்டத்தில் ஒரு வசதி உண்டு: கரை இடிந்து உள்ளே வந்தால் பாதையும் கூடவே உள்ளே நகர்ந்துகொள்ளும். எங்கள் கரையில் உள்ளே நகர்வதற்கு இடம் ஏது? வீடு இருக்கிறது, வலைக்கூடம் இருக்கிறது, அதற்குப் பின்னால் குட்டை.

மணலில் நடப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அலை பின்வாங்கியதும் இரண்டு முழ அகலத்துக்கு மணல் இறுகி, சாணி போட்டு மெழுகிய தரை மாதிரி ஆகும். அதில் நாலு எட்டு வைப்பதற்குள் அடுத்த அலை வந்து விரட்டும். மேலே ஏறினால் கணுக்கால் வரை புதைகிறது. அடும்புக் கொடி தடுக்குகிறது. நண்டு வளையில் குதிகால் இறங்குகிறது. கரை கடலைப் பார்த்துச் சரிவதால், வடக்கே நடக்கிறவளுக்கு வலது கால் எப்போதும் பள்ளத்தில், இடது கால் மேட்டில். ஒரு மணி நேரத்தில் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடினாள், நான் தூர்தர்ஷன் காலத்து ஒளிபரப்பு மாதிரி விட்டு விட்டு வந்தேன்.

பெருமாள்பேட்டைப் பக்கம் வலையிலிருந்து மீன் கழித்துக்கொண்டிருந்த அம்மாக்கள் எங்களை நிறுத்தினார்கள். "எங்கம்மா போறீங்க, நடந்தே?" பூம்புகார் என்றோம். "வேண்டுதலா?" இல்லை, சும்மா என்றாள் இவள். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பாட்டி மட்டும் விடவில்லை. "வேளாங்கண்ணிக்குன்னா தெக்கால்ல போவணும். நீங்க வடக்கால போறீங்களே!" எங்கள் பக்கத்தில் ஆவணி பிறந்தால் காவித்துணி கட்டிக்கொண்டு சாரை சாரையாக ஜனம் வேளாங்கண்ணிக்கு நடக்கும், வழி நெடுக மோர்ப்பந்தல், வெந்நீர், காலுக்கு மருந்து. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. வேண்டுதல் இல்லாத நடை என்பது பாட்டிக்குப் புரியவில்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை. இரண்டு மீனைக் கையில் திணிக்கப் பார்த்தார், வேண்டாம் என்று தப்பித்தோம்.

நாய்ச் சம்பவத்துக்குப் பிறகு தோப்பு முக்குக்கே திரும்பி வந்தோம். இவள் பையில் கிடந்த பழைய துப்பட்டாவின் ஓரத்தை, ஆரஞ்சு நிறம், பல்லால் கடித்துக் கிழித்தாள். "கொரியாவுல ஜெஜுன்னு ஒரு தீவு இருக்கு அத்தை. 2007ல நடைவழி ஆரம்பிச்சாங்க. அங்கே நீலமும் ஆரஞ்சுமா ரிப்பனைக் கிளையில கட்டி விட்டிருப்பாங்க, அதைப் பாத்துக்கிட்டே போகலாம்." வலப்பக்கப் பாதையின் முதல் சவுக்கில், எட்டுகிற உயரத்தில், இறுக்கி முடிச்சுப் போட்டாள். நீலம் இல்லாததில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

அதற்கு வடக்கே ஒரு வடிகால் கடலில் விழுகிற இடம். கடக்க முடியுமா என்று நின்றபோது, படகைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார்: "வாய் அடைச்சுத்தான் கெடக்கு. ஆனா கடல் ஓரமா எறங்காதீங்க, உள்வாங்கும். மேக்கால போங்க. அக்கரையில ஒரு கட்டை நட்டுருக்குல்ல? அதுக்குப் பின்னால ஒரு ஒத்தப் பனை. ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாத்துக்கிட்டே எறங்குங்க. பனை விலகுச்சுன்னா நீங்களும் விலகிட்டீங்கன்னு அர்த்தம்." முழங்காலுக்கு மேலே ஏறவில்லை தண்ணீர். கடலுக்குப் போகிறவர்கள் கோபுரத்தையும் மரத்தையும் நேர்வைத்துத் திசை பிடிப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதை நடந்து பார்த்தது அன்றைக்குத்தான். அவர் எங்களை எந்த ஊர் என்று கேட்கவே இல்லை என்பது அக்கரை ஏறிய பிறகுதான் உறைத்தது.

வானகிரி தாண்டிப் பூம்புகார் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. காவிரி கடலில் கலக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று இவள் ஆசையாக வந்தாள். மேட்டூரை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். மாசியில் அங்கே காவிரி என்பது தேங்கிக் கிடக்கிற கொஞ்சம் தண்ணீரும் இரண்டு கொக்கும். "இவ்வளவுதானா?" என்றாள். ஐப்பசியில் வா என்றேன். சுண்டல் வாங்கித் தின்றோம்.

மனசு கேட்காமல், அடுத்த வாரம் தெரிந்தவர் மூலமாக அந்தப் பகுதியின் கிராம வரைபடத்தைப் பார்த்தேன். இறால் குட்டை இருக்கிற இடத்தில் புள்ளிக்கோடு ஓடுகிறது. வண்டிப்பாதை. கைப்பேசி பொய் சொல்லவில்லை. அங்கிருந்தவரிடம் கேட்டதற்கு, "ஆமா டீச்சர், பாதைதான். இப்ப யாரு போறா அதுல?" என்றார். ஒருமுறை பொதுவழி என்றால் என்றைக்கும் பொதுவழி என்று ஆங்கிலேயச் சட்டத்தில் ஒரு பழைய வாக்கு உண்டு. 1949இல் சட்டம் போட்டு, ஊர் ஊராக நடைபாதைகளைப் படத்தில் ஏற்ற வைத்தார்கள். வயலுக்கு நடுவே போகிற பாதையை உழுதாலும் திரும்பப் பாதையாக்கிவிட வேண்டும். அவர்கள் நமக்கும் படம் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். படம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. நான் மனு எழுதிப் பையில் வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. குட்டைக்காரர் யார் என்று விசாரித்துவிட்டு அண்ணன்தான் கொஞ்சம் பொறு என்கிறார்.

சித்திரையில் இவள் பரீட்சை முடிந்து வந்ததும் மறுபடி போனோம், இந்தத் தடவை தோப்பு வரைக்கும் ஆட்டோவில். சவுக்கில் ஆரஞ்சுத் துணி இருந்தது. அதன் பக்கத்தில் மஞ்சள் துணி ஒன்று, ரவிக்கைத் துண்டு இரண்டு, நூலில் தொங்குகிற சின்ன மரத்தொட்டில் ஒன்று. அடிமரத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. கீழே ஒரு அகல், பாதி எரிந்த கற்பூரம். இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சூலம் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தேன். இன்னும் வரவில்லை.

ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "கடற்கரைக்கு எந்தப் பக்கம்மா போகணும்?" என்று கேட்டேன்.

"இந்தா, சாமி மரத்துக்குச் சோத்தாங்கைப் பக்கம். கூப்பிடு தூரம்தான்" என்று சொல்லிவிட்டு ஆட்டின் பின்னால் போனாள்.